ஐந்தாவது கையில் ஒரு வட்டு

நெகிரி செம்பிலானில், ரந்தாவ் தாண்டி சிலியாவ் போகும் வழியில் ஓர் எண்ணெய் நிலையம். அதன் ஓரத்தில் மாலை ஏழு மணிவாக்கில் அந்த வியாபாரம் நடந்தது. விற்கிறவர் மோட்டார் சைக்கிளில் வந்தார், வண்டியை அணைக்கவில்லை. என் அக்கா மகன் அவரிடமிருந்து பிளேஸ்டேஷன் 4 வட்டை வாங்கி, வண்டி விளக்கின் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தான். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும் கீறலை இயந்திரம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வட்டத்தோடு வட்டமாக ஓடும் கீறல்தான் ஆபத்து, விளையாட்டு பாதியில் நின்றுவிடும். இது அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். ரப்பர்த் தோட்டத்துப் பால்மரத்தில் பட்டை பார்த்த கைகளின் பேரப்பிள்ளைகள் இன்று வட்டில் கீறல் பார்க்கிறார்கள்.

"அண்ணே, எழுபது சொன்னீங்க. அறுபத்தஞ்சு போட்டுக்கலாமா?"

போட்டுக்கொண்டார்கள். வீடு திரும்பும்போது அவன் சொன்னான்: "மாமா, இது அஞ்சாவது கை."

அந்த வட்டின் பயணத்தை அவனால் வரிசையாகச் சொல்ல முடிந்தது. முதல் ஆள் கோலாலம்பூரில் 219 ரிங்கிட்டுக்குப் புதிதாக வாங்கியவர். அவர் 160-க்கு விற்றார். அடுத்தவர் 120-க்கு, அதற்கடுத்தவர் 90-க்கு. நான்காமவர்தான் அந்த மோட்டார் சைக்கிள்காரர். ஒவ்வொருவருக்கும் உண்மையில் ஆன செலவைத் தாளில் எழுதிப் பார்த்தேன்: 59, 40, 30, 25, கடைசியாக என் அக்கா மகனின் 65. கூட்டினால் 219. முதல் ஆள் கடையில் கொடுத்த தொகை சல்லிக் காசு மாறாமல் அதேதான். நடுவில் கடைக்காரர் யாரும் இல்லாததால், ஐந்து பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு புது வட்டு வாங்கியதற்கும் இதற்கும் கணக்கில் வேறுபாடு கிடையாது. தோட்டத்தில் கூட்டுப் பணம் கட்டிச் சீட்டு எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் தாளை மடித்து வைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. அந்த விளையாட்டை உருவாக்க எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்திருப்பார்கள். ஐந்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடியதில் ஒரு வீட்டின் பணம் மட்டுமே அவர்களுக்குப் போயிருக்கிறது. இது அவர்கள் வயிற்றில் அடிப்பதா? நான் எழுத்துத் தொழிலில் இருப்பவன். என் புத்தகத்தை ஒருவர் வாங்கி ஒன்பது பேர் படித்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஆகவே இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்க முடியவில்லை.

தொழிலில் உள்ளவர்களின் குறையை முதலில் கேட்போம். பிரான்சின் குவாண்டிக் ட்ரீம் நிறுவனம் 2010-இல் 'ஹெவி ரெய்ன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. துப்பறியும் கதை; ஒருமுறை முடித்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். மறு ஆண்டு அந்நிறுவனத்தின் இணைத் தலைவர் கியோம் தெ ஃபோந்தோமியேர் வெளிப்படையாகவே வருந்தினார். விற்றவை ஏறத்தாழ 20 லட்சம் பிரதிகள். ஆனால் விளையாடுவோர் ஈட்டும் கோப்பைகளை சோனியின் வலைப்பின்னல் கணக்கு வைக்கிறது. அதன்படி விளையாடியவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். கூடுதலாக உள்ள அந்தப் பத்து லட்சம் பேரால் தங்களுக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி யூரோ வரை இழப்பு என்பது அவருடைய கணக்கு.

அந்த மனிதரின் வருத்தம் உண்மையானது. அவருடைய கணக்கில்தான் ஓட்டை இருக்கிறது. பழைய வட்டு கிடைக்காமல் போயிருந்தால் அந்தப் பத்து லட்சம் பேரும் முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்கியிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தத் தொகை வரும். அவர்களில் நண்பனிடம் இரவல் வாங்கியவர் இருப்பார், ஒரே வீட்டில் அண்ணன் முடித்த பிறகு உட்கார்ந்த தம்பி இருப்பான். பழைய வட்டு வாங்கியவர்களிலும், சட்டைப்பையில் முழு விலை இருந்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்விதான் மையம். புத்தகத் துறையில் இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அனிந்தியா கோஷ், மைக்கேல் ஸ்மித், ராகுல் தெலாங் ஆகிய மூவரும் அமேசான் தளத்தில் நடந்த பழைய புத்தக விற்பனையை ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய புத்தக விற்பனையில் ஏறக்குறைய 16 விழுக்காடு மட்டுமே புதுப் புத்தக விற்பனையின் இடத்தைப் பறித்தது. எஞ்சிய 84 விழுக்காடும், பழைய விலையில் கிடைக்காவிட்டால் நடந்தே இருக்காத விற்பனை. புத்தகமும் விளையாட்டும் ஒன்றல்ல. புத்தகம் கசங்கும், வட்டில் உள்ள விளையாட்டு கசங்காது, ஐந்தாவது கையிலும் முதல் கையில் இருந்த அதே பொலிவோடு ஓடும். ஆகவே அந்த 16-ஐ அப்படியே இங்கே ஒட்டவைக்க மாட்டேன். ஆனாலும் பழையதை வாங்குகிறவர் எல்லோரும் புதியதை வாங்கியிருக்கக் கூடியவர்கள் என்ற அனுமானம் எவ்வளவு தளர்ந்தது என்பதற்கு அந்த எண் சான்று.

இங்கே இரண்டு வகை வாங்குவோரைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கேம்ஸ்டாப் கடையில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 60 டாலர் விளையாட்டு வெளியான சில நாட்களிலேயே, அதே விளையாட்டின் பழைய பிரதி 55 டாலருக்கு அதே அலமாரியில் வந்துவிடும். முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு புதியதை எடுத்து நீட்டும் வாடிக்கையாளரிடம், "பழையது இருக்கிறது, ஐந்து டாலர் மிச்சம்" என்று கடைப் பணியாளர் சொல்வார். வாங்குபவருக்கு மிச்சம் ஐந்து டாலர். உருவாக்கியவருக்குப் போக வேண்டியது முழுவதும் போய்விடும். பழைய வட்டு வியாபாரத்தில் அந்நிறுவனத்தின் மொத்த லாப விகிதம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது. புது வட்டில் கிடைப்பதைப்போல் அது ஏறக்குறைய இரு மடங்கு. இந்த இடத்தில் உருவாக்கியவருக்கு நேரும் கேடு உண்மை. அதை மறுப்பதில் நியாயமில்லை. பழைய வட்டுக்கு ஈடாகத் தாங்கள் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி திரும்பவும் புது விளையாட்டுகளுக்கே செலவாகிறது என்று அந்நிறுவனம் வாதாடியது. அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பணம் போவது நன்றாக விற்கும் பெரிய விளையாட்டுகளுக்கு. ஐந்து டாலரால் வாடிக்கையாளரை இழந்தவருக்கு அது திரும்பி வருவதில்லை.

இரண்டாவது வகையினர் எங்கள் எண்ணெய் நிலையத்து ஓரத்தில் நிற்பவர்கள். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022-இல் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் 1,700-ஐத் தொட்டது. இன்று ஒரு பெரிய புது விளையாட்டின் விலை 300 ரிங்கிட்டை ஒட்டி நிற்கிறது. ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். நெகிரி செம்பிலானில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் இன்று சம்பாதிக்கும் தலைமுறை தொழிற்சாலையிலும் லோரியிலும் பாதுகாவலர் உடுப்பிலும் இருக்கிறது. நீலாய், லாபு பக்கம் போனால் பால்மரமும் செம்பனையும் நின்ற இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. லயத்து வீட்டில் வாடகை இல்லாமல் இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது மாதத் தவணை கட்டுகிறார்கள். அந்த வீட்டில் 300 ரிங்கிட் விளையாட்டு என்பது நினைத்துப் பார்க்கும் பேச்சே இல்லை. 65 ரிங்கிட் வட்டு கிடைக்காவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளை 300 கொடுத்திருப்பான் என்று எந்தப் பொருளியலறிஞரும் என்னிடம் நிரூபிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோலாலம்பூர்க்காரர் 219 கொடுக்கத் துணிந்ததற்கு ஒரு காரணம், 160-க்கு விற்கலாம் என்ற நம்பிக்கை. உண்மையில் அவர் விளையாட்டுக்குக் கொடுத்தது 59 ரிங்கிட்தான். விற்கவே முடியாது என்ற நிலை வந்தால் அவரும் யோசிப்பார். மசாகாசு இஷிஹாரா, ஆண்ட்ரூ சிங் என்ற இரு பேராசிரியர்கள் ஜப்பானியச் சந்தையை வைத்துச் செய்த ஆய்வு சொல்வதும் இதை ஒட்டியே வருகிறது. பழைய வட்டுச் சந்தையை ஒழித்துவிட்டுப் புது வட்டின் விலையைக் குறைக்காமல் வைத்திருந்தால் வெளியீட்டாளரின் லாபம் குறையும். விலையையும் தக்கபடி இறக்கினால்தான் லாபம் கூடும். வெளியீட்டாளர்கள் சந்தையை ஒழிப்பதை மட்டும் கேட்டுவிட்டு விலை இறக்குவதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை.

கைமாற்றிப் பயன்படுத்துவது தோட்ட வாழ்க்கைக்குப் புதிதல்ல. 1924-இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன 'தமிழ் நேசன்', 1935-இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' போன்ற இதழ்கள் தோட்டத்துக்குள் ஒரு பிரதி, இரண்டு பிரதி என்றுதான் வந்தன. எங்கள் லயத்தில் பத்திரிகை வாங்கியவர் ஒருவர்தான். அவர் பால்வெட்டு முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு படிப்பார். அடுத்து எதிர்வீட்டுத் தாத்தா. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பேத்தி உரக்கப் படிக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு வாசலில் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். ஞாயிறு மலரில் வரும் தொடர்கதைப் பக்கம் மட்டும் தனியாகக் கிளம்பிக் கடைசி வீடு வரை போகும். திரும்பி வரும்போது அதில் எண்ணெய்க் கறையும் பால் வாடையும் இருக்கும். அந்த ஒரு பிரதிக்கு வாசகர் இருபது பேர். பத்திரிகை முதலாளியின் கணக்கில் ஒன்றுதான்.

அந்த இருபதில் பத்தொன்பதை அவர் இழப்பாக எழுதியிருக்க முடியுமா? அந்தப் பேத்தி உரக்கப் படித்தே தமிழ் பழகினாள். சிரம்பானில் வேலைக்குப் போன முதல் மாதமே சொந்தமாகப் பத்திரிகைக்குச் சந்தா கட்டினாள். அவள் என் அக்கா.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் இதில் ஒரு வழியைத் தாங்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை யாரும் பொருளியல் பாடமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை, ஆனால் பார்க்க வேண்டும். இங்கே புத்தகம் பெரும்பாலும் எழுதியவர் கைப்பணத்தில்தான் அச்சாகிறது. கடையில் வைத்து விற்று முதல் எடுப்பது கடினம். ஆகவே வெளியீட்டு விழா. மண்டபத்தில் ஒரு பிரமுகர் முதல் நூலைப் பெரிய தொகை கொடுத்துப் பெறுவார். பிறகு உறவினர், நண்பர், பழைய மாணவர், தோட்டத்து மனிதர் என்று வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஓர் உறை. அதில் பத்து ரிங்கிட்டும் இருக்கும், நூறும் இருக்கும். அட்டையில் அச்சிட்ட விலைக்கும் உறையில் உள்ள தொகைக்கும் தொடர்பு இருக்காது. அச்சகக் கடன் அந்த ஒரே மாலையில் அடைபடும். அதன் பிறகு அந்தப் புத்தகம் எத்தனை வீடு போனாலும் எழுதியவர் முகம் சுளிப்பதில்லை. "உங்க புத்தகத்தை என் தங்கச்சிகிட்ட கொடுத்தேன்" என்று யாராவது சொன்னால் அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருப்பார். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

விளையாட்டுத் தொழிலும் வருமான அமைப்பில் இந்த விழாவைப் போன்றதே. பெரிய விளையாட்டுகளின் வட்டு வருவாயில் பெரும்பங்கு வெளியான முதல் சில வாரங்களில் வந்துவிடும். அந்த முதல் மாலையில் கூட்டம் வந்ததா என்பதே உருவாக்கியவரின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. இரண்டு ஆண்டு கழித்துச் சிலியாவ் சாலையோரத்தில் கைமாறும் வட்டு அவருடைய மண்டபத்திலிருந்து யாரையும் எழுப்பிக்கொண்டு போகவில்லை. மண்டப வாசலிலேயே நின்றுகொண்டு, உறையோடு உள்ளே வருகிறவரை மடக்கிப் பழைய பிரதி விற்பவர்தான் எழுப்பிக்கொண்டு போகிறார். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இந்த விவாதம் இத்தனை ஆண்டுகளாக ஒரே இடத்தில் சுற்றுகிறது.

என் வயதினர் மறக்கக் கூடாத ஓர் உண்மையும் உண்டு. பழைய வட்டுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இருந்தது புது வட்டு அல்ல, திருட்டு வட்டு. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இரவுச் சந்தையில், மேகியும் சாத்தேயும் விற்கும் கடைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைத்து ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து ரிங்கிட்டுக்கு, விற்றார்கள். இயந்திரத்துக்குள் சில்லு பொருத்தித் தர ஊருக்கு ஓர் ஆள் இருந்தார். மலேசியா 2000-ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டத்தையே தனியாக இயற்ற வேண்டியிருந்தது. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நாட்டின் பெயர் நீங்கியது 2012-இல். அந்த ஐந்து வெள்ளியில் உருவாக்கியவருக்கு ஒரு காசும் போகவில்லை. முதல் கை என்ற ஒன்றே அதில் இல்லை.

பிறகு வந்த பிளேஸ்டேஷன் 3, புளூரே வட்டில் ஓடியது. அதைப் பிரதியெடுப்பது எளிதாக இல்லை. அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கையில் முதன்முதலாக அசல் வட்டு ஏறியது, அதுவும் பழையதாகத்தான் ஏறியது. அட்டைப்படம் அச்சான பெட்டி, உள்ளே கையேடு, செய்தவர்களின் பெயர் வரிசை. ஒரு விளையாட்டை மனிதர்கள் செய்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது என்பதே அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்தது. திருட்டுக்கும் புது விலைக்கும் நடுவில் ஏறக்கூடிய ஒரே படியாக இருந்தது பழைய வட்டு. அந்தப் படியை எடுத்துவிட்டால் மேலே ஏறுவார்கள் என்று எதிர்பார்ப்பது, தோட்டத்து மனிதர்களை அறியாதவர்களின் எதிர்பார்ப்பு.

சட்டம் இதில் நீண்ட காலமாகவே தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பதிப்பகம் தன் நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கக் கூடாது என்று அச்சிட்டது. மேசிஸ் கடை அதை 89 சென்டுக்கு விற்றது. 1908-இல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது: ஒருமுறை விற்ற பிரதியின் பின்விலையைப் பதிப்பகம் கட்டுப்படுத்த முடியாது. ஜப்பானில் விளையாட்டு நிறுவனங்கள் இன்னும் நுட்பமாக வாதாடின. அந்நாட்டுச் சட்டத்தில் திரைப்படத்துக்கு மட்டும் தனி விநியோக உரிமை உண்டு. விளையாட்டும் அசையும் படம்தானே, ஆகவே அந்த உரிமை தங்களுக்கும் வேண்டும் என்றன. 1999-இல் டோக்கியோ நீதிமன்றம் ஒரு பக்கமும் ஒசாகா நீதிமன்றம் எதிர்ப்பக்கமும் தீர்ப்புச் சொன்னது வினோதம். 2002 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: விளையாட்டு திரைப்படத்தின் வகையில் சேரும், விநியோக உரிமையும் உண்டு, ஆனால் மக்களுக்கு முதன்முறை விற்றதோடு அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் விநியோக உரிமை என்பது பிரதியை முதன்முறை நாட்டில் புழக்கத்துக்கு விடுவதோடு நின்றுவிடுகிறது. என் அக்கா மகன் அந்த மாலையில் செய்தது முழுக்கச் சட்டப்படியான வியாபாரம்.

சட்டத்தில் தோற்றதைத் தொழில்நுட்பத்தில் வெல்லப் பார்த்தார்கள். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2010-இல் பெட்டிக்குள் ஒருமுறை மட்டுமே பயன்படும் குறியீட்டை வைத்தது. பழைய வட்டு வாங்கியவர் இணையத்தில் விளையாட வேண்டுமென்றால் பத்து டாலர் தனியாகக் கட்ட வேண்டும். மூன்று ஆண்டில் அவர்களே கைவிட்டார்கள். 2013 ஜூன் மாதம் மைக்ரோசாப்ட், எக்ஸ்பாக்ஸ் ஒன் இயந்திரத்தில் வட்டைக் கைமாற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு வரும் என்று அறிவித்தது. சில நாட்களிலேயே சோனி ஒரு குறும்படம் வெளியிட்டது. பிளேஸ்டேஷன் 4-இல் விளையாட்டைப் பகிர்வது எப்படி என்று காட்டும் படம். ஒருவர் வட்டுப் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அரை நிமிடம்கூட இல்லை. ஜூன் 19 அன்று மைக்ரோசாப்ட் பின்வாங்கியது. உலகம் முழுவதும் பிள்ளைகள் கேட்டது அந்தக் கைநீட்டலைத்தான்.

ஆனால் அந்த வெற்றி கொஞ்ச காலம்தான். 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் ஒரு வகையில் வட்டு போடும் வாயே கிடையாது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய விளையாட்டை மறுவிற்பனை செய்ய உரிமை வேண்டும் என்று பிரெஞ்சு நுகர்வோர் சங்கம் தொடுத்த வழக்கில், 2019-இல் பாரிஸ் நீதிமன்றம் சங்கத்துக்குச் சாதகமாகச் சொன்னது. 2022-இல் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கலிஃபோர்னியாவில் 2025 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், உரிமம் மட்டும் தருகிற கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தத் தடை போடுகிறது. பொத்தானில் இருக்கும் ஒரு சொல்லுக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால், காசு கொடுத்தவர் கைக்கு எதுவுமே வரவில்லை என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது என்று பொருள்.

இனி, கேடு யாருக்கு என்று கேட்கும்போது பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டுச் சிறியவர்களைப் பார்க்க வேண்டும். மலேசியாவிலேயே வான் ஹஸ்மர், டோக்கியோவில் ஸ்கொயர் எனிக்ஸில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பி, டைம் ஜியாவுதீனோடு சேர்ந்து மெட்ரோனோமிக் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களின் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' விளையாட்டு 2020 ஆகஸ்டில் வந்தது. இதுபோன்ற நிறுவனங்களுக்கு 20 லட்சம் பிரதி என்ற கனவெல்லாம் இல்லை. ஆயிரம் பிரதி குறைந்தாலும் அடுத்த மாதச் சம்பளத்தில் தெரியும்.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு 'வெண்பா'. டொராண்டோவில் அபி என்ற தமிழ் இளைஞரின் தலைமையில் விசை கேம்ஸ் உருவாக்கி, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன், அவர்களின் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. எந்தப் படி முதலில், எது அடுத்து என்று யோசித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். அழிந்த வரியை நாம் கைப்பழக்கத்தால் நிரப்புகிறோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதைச் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது.

தெ ஃபோந்தோமியேரின் வாதம் எங்கேயாவது முழுதாகப் பொருந்துமென்றால் இங்கேதான் பொருந்த வேண்டும். குறுகிய கதை, சிறிய நிறுவனம். ஒரு மாலையில் முடித்துவிட்டு மறுநாள் விற்றுவிடலாம். இப்படிப்பட்ட படைப்பு வட்டில் மட்டுமே வந்து, மண்டப வாசலில் பழைய பிரதி விற்பவரும் நின்றிருந்தால், விசை கேம்ஸுக்கு அடி பலமாகவே விழுந்திருக்கும். முடிவே இல்லாமல் நீளும் இணைய விளையாட்டுகள் பெருகியதற்கும், விற்க முடியாதபடி கட்டிப்போடும் உத்திகள் வந்ததற்கும் இந்த அச்சம் ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் 'வெண்பா' முதன்மையாக இணையக் கடைகளில் வந்தது, சந்தாச் சேவையிலும் முதல் நாளே சேர்ந்தது. இன்றைய சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை இப்படித்தான். அவர்களின் படைப்புக்குப் பழைய சந்தை என்ற ஒன்றே இல்லை. பழைய வட்டு வாங்குகிறவர்களைக் குறை சொல்லி இவர்களைக் காப்பாற்ற முடியாது. இவர்களைப் பற்றி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிவிப்பார் இல்லை என்பதுதான் இவர்களின் முதல் குறை.

நூலகத்தில் இரவல் போகும் புத்தகத்துக்கும் எழுதியவருக்குக் காசு வர வேண்டும் என்று பிரிட்டனில் ஜான் புரோஃபி 1951-இல் கேட்டார். ஓர் இரவலுக்கு ஒரு பென்னி. 1979-இல் அது சட்டமானது. வாசகரிடம் வாங்காமல் அரசு கொடுக்கிறது. டென்மார்க் அதற்கு முன்பே, 1946-இலேயே தொடங்கிவிட்டது. கைமாறுவதைத் தடுக்காமலும் படைத்தவரை மறக்காமலும் இருக்க வழி உண்டு என்பதை அந்தச் சட்டங்கள் செய்து காட்டின. விளையாட்டுத் துறையில் அப்படி ஒன்றை யாரும் முயலாமல், கைமாற்றும் பாதையை மட்டும் அடைத்துக்கொண்டே போவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

போன தீபாவளிக்கு முன்பு என் அக்கா மகன் பழைய நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்று வாங்கினான். இயந்திரம் மூன்றாவது கை. அதில் 'வெண்பா'வை முழு விலை கொடுத்து இணையத்தில் வாங்கினான். நான் சொல்லித்தான் வாங்கினான், ஆனால் பணம் அவனுடையது. அக்கா சோபாவில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று மகனோடு சண்டை போட்டார். "உனக்கு என்னடா தெரியும், நகருடா" என்று இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "அண்ணா, அந்தச் சமையல் கேம் முடிச்சிட்டா தாங்களேன்."

தர முடியாது. அவன் கணக்கில் பூட்டியிருக்கும் உரிமம் அது, நீட்டுவதற்குப் பெட்டியில்லை, வட்டில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு மின்னேற்றியோடு சேர்த்து இயந்திரத்தையே எடுத்து வேலிக்கு மேலே நீட்டினான். ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருவதாகப் பேச்சு. திங்கள் மாலைதான் வந்தது. அந்த வீட்டு அம்மா கடைசி அத்தியாயத்தை முடிக்கவில்லையாம்.